மாடிக்கும் கீழுக்கும் ஒரே பெட்டி

மேடம்,

நேற்று மகளுக்கு ஒரு பார்சல் அனுப்பத் தபால் நிலையம் போயிருந்தேன். கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர் அரக்குக் குச்சியை மெழுகுவத்தியில் காட்டி, தைத்த துணியின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டார். அந்த வாசனை வந்ததும் நான் அங்கே இல்லை. நீலசந்திராவில் நம் பள்ளியின் நூலக அறையில், காலி பிஸ்கட் டப்பா ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டு உங்களோடு தரையில் உட்கார்ந்திருந்தேன். தேர்தல் பணிக்குப் போய் மிச்சமாகக் கொண்டுவந்த அரக்கை நீங்கள் உருக்கினீர்கள். நான் மூடியை அழுத்திப் பிடித்தேன். ஒரு சொட்டு என் கட்டைவிரலில் விழுந்து நான் கத்தியதற்கு, "ஷ்! ரிசல்ட் வந்த மாதிரி கத்தாதீங்க" என்றீர்கள்.

நீங்கள் கண்மூடி நான்கு மாதம் ஆகிறது. அன்று உங்கள் தொம்மலூர் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் உங்களைப் பற்றி ஆளுக்கொன்று சொன்னார்கள். கூடவே பதினைந்து வருடம் வேலை பார்த்த நான் மட்டும் வாய் திறக்கவில்லை. நான் சொல்ல வேண்டியதில் என் குறையும் இருந்தது. வாசலில் நின்றுகொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. எழுத முடிகிறது.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு டிசம்பரைப் பற்றி நாம் பிறகு அதிகம் பேசியதில்லை. காவிரித் தண்ணீருக்காக ஊர் பற்றி எரிந்தபோது எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓசூர், கிருஷ்ணகிரி என்று போய்விட்டார்கள். நான் போகவில்லை. ஆனால் பல வாரங்கள் பஸ்ஸில் தமிழ் பேசவில்லை. கண்டக்டரிடம் சில்லறையை நீட்டிவிட்டுச் சும்மா இருப்பேன்.

பள்ளி மறுபடி திறந்தது. கீழே என் தமிழ்வழி வகுப்புகள், மாடியில் உங்கள் கன்னடவழி வகுப்புகள், எல்லாருக்கும் ஒரே மைதானம். முன்பெல்லாம் மதிய இடைவேளையில் இரண்டு தரப்பும் கலந்து கபடி ஆடுவார்கள். அது நின்றுபோயிருந்தது. நிறுத்தச் சொன்னவர் யாரும் இல்லை. மணி அடித்ததும் கீழ்ப் பிள்ளைகள் வேப்பமரத்தடிக்கும் மாடிப் பிள்ளைகள் கொடிக்கம்பத்துப் பக்கமும் ஒதுங்கிக்கொண்டார்கள். அந்த மாதத்தில்தான் நான் குடிமையியலில் 'வேற்றுமையில் ஒற்றுமை' பாடம் நடத்தினேன். வினா விடை எல்லாருக்கும் மனப்பாடம். ஒருவரும் ஒரு மதிப்பெண்கூட விடவில்லை.

அடுத்த ஜூனில் தேர்தல் பாடம் வந்தது. அதுவரை கீழுக்கு ஒரு மாணவத் தலைவர், மாடிக்கு ஒருவர் என்று தனித்தனியே கையைத் தூக்கித் தேர்ந்தெடுப்போம். ஒரு மதியம் ஆசிரியர் அறையில் சித்ரான்னத்தைப் பிசைந்துகொண்டே நீங்கள் ஆரம்பித்தீர்கள்.

"நோடி, பாருங்க மேடம், ஒரே பெல் அடிக்கறோம். ஒரே கேட்டைப் பூட்டறோம். லீடர் மட்டும் ஏன்ரி ரெண்டு பேர்?"

"விளையாடாதீங்க மேடம். கீழேதான் பிள்ளைங்க அதிகம். எங்க பக்கம் ஜெயிச்சா வெளியில என்ன பேசுவாங்க? இப்பத்தான் அடங்கியிருக்கு."

"உங்க பக்கம், எங்க பக்கம்னு நாமளே பேசினா, பிள்ளைங்க வேற என்ன பேசும்?"

எனக்குக் கோபம் வந்தது. டிசம்பரில் பயந்தது நான், நீங்கள் இல்லை. அதைச் சொல்லியும் விட்டேன். நீங்கள் எழுந்து போனீர்கள். கை கழுவி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "அதனாலதான் உங்ககூடச் சேர்ந்து செய்யணும்னு கேக்கறேன். தனியா செய்ய எனக்கும் பயம்" என்றீர்கள். அதற்குமேல் என்னால் மறுக்க முடியவில்லை.

கீழிருந்து ஒன்பதாம் வகுப்பு செல்வி நின்றாள். அவள் அம்மா கார்மெண்ட்ஸில் தையல் வேலை. மாடியிலிருந்து மஞ்சுநாத். வேட்பாளர்கள் இரண்டு இடத்திலும் அந்தந்த மொழியில் ஓட்டுக் கேட்க வேண்டும் என்று விதி வைத்தது நீங்கள். செல்வி கன்னடப் பேச்சைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மாடியேறினாள். நடுவில் ஒரு சொல் தவறிப்போய் வகுப்பே சிரித்தது. அவள் தாளை மடித்துவிட்டு, "தப்புன்னா எப்படிச் சொல்லணும்னு சொல்லுங்க" என்று கன்னடத்திலேயே கேட்டாள். முன் பெஞ்சுப் பெண்கள் இரண்டு பேர் சொல்லிக்கொடுத்தார்கள். மஞ்சுநாத் கீழே வந்து வியர்த்துக் கொட்டி நின்றான். தயார் செய்ததெல்லாம் மறந்துவிட்டது. கடைசியில், "எனக்கு ஓட்டுப் போடலன்னாலும் பரவால்ல, கபடிக்குக் கூப்பிடுங்க" என்றான். அன்று எழுந்த கைதட்டலை, நான் நடத்திய எந்தப் பாடத்துக்கும் கேட்டதில்லை.

வாக்குப்பதிவு நாளில் அட்டைப்பெட்டியை நிறுத்தி மறைவு செய்தோம். நீல இங்க்கில் குச்சியைத் தோய்த்து விரலில் வைத்தோம். மாடிக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என்று இரண்டு டப்பா கொண்டு வந்திருந்தேன். நீங்கள் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். எண்ணுவதற்கு முன் சீட்டுகளைத் தரையில் கொட்டி இரண்டு கையாலும் புரட்டிப் புரட்டிக் கலந்தீர்கள். "எந்த ஓட்டு எங்கேர்ந்து வந்ததுன்னு நமக்கே தெரியக் கூடாது." இரண்டு வேட்பாளர்களும் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சீட்டையும் பார்த்தார்கள்.

செல்வி ஏழு ஓட்டில் ஜெயித்தாள். கீழே இருந்த எண்ணிக்கைக்கு அது மிகச் சின்ன வித்தியாசம். கீழ்ப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் மஞ்சுநாத்துக்குப் போட்டிருந்தால்தான் அப்படி வரும். நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உங்கள் கண் கலங்கியிருந்ததை நான் கவனிக்காதது போல இருந்தேன்.

அதற்குள் தலைமையாசிரியர் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். பள்ளிக் கமிட்டி உறுப்பினர் ஒருவர் செய்தி கேட்டு வந்து முன்னறையில் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு பேரும் லீடர்னு சொல்லிடலாம். யாருக்கும் வருத்தம் இருக்காது. என்ன மேடம்?" என்று தலைமையாசிரியர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சரி சார்" என்றேன்.

நான்தான் சொன்னேன், மேடம். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. அவரிடம் மட்டும் பேசினீர்கள்.

"சரி இல்ல சார். எண்ணும்போது ரெண்டு பிள்ளைங்களும் உக்காந்து பாத்தாங்க. இப்ப மாத்திச் சொன்னா, பெரிசானப்புறம் எதை நம்பி ஓட்டுப் போடப் போவாங்க?"

கமிட்டி உறுப்பினர் உள்ளே வந்துவிட்டார். ஒரு தமிழ்ப் பெண் நம் பிள்ளைகளுக்குத் தலைவியா என்று கன்னடத்தில் உங்களைக் கேட்டார். நீயும் கன்னடத்துக்காரிதானே என்றும் கேட்டார். ஒருமையில்தான் கேட்டார். நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "ஆமாம், அதனால்தான் என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லமாட்டேன்" என்றீர்கள். அவர் மேலும் ஏதோ ஆரம்பித்தபோது, கதவோரம் நின்ற மஞ்சுநாத் உள்ளே வந்தான்.

"நான் தோத்துட்டேன் சார். நானே எண்ணிப் பாத்தேன்" என்றான், அவருடைய மொழியில், அவர் முகத்தைப் பார்த்து.

அந்த மனிதர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மறுநாள் காலைக் கூட்டத்தில் முடிவை நீங்கள் கன்னடத்தில் வாசித்தீர்கள், நான் தமிழில் வாசித்தேன்.

அதற்கான விலையை உங்களிடம்தான் வாங்கினார்கள். அந்த மாதமே பத்தாம் வகுப்பை உங்களிடமிருந்து எடுத்து ஐந்தாம் வகுப்பைக் கொடுத்தார்கள். நான் அழுதேன். நீங்கள் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு, "நல்லதாப் போச்சு விடுங்க. இந்த ஓட்டுப் பாடத்தைப் பத்தாவதுல லேட்டா ஆரம்பிச்சிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனீர்கள். செல்வி தலைவியானதும் முதலில் செய்தது, கபடி அணிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்ததுதான். முதல் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு ஆடினார்கள். மூன்றாம் நாள் யார் காலையோ யாரோ பிடித்து இழுத்ததில் சண்டை வந்தது. அது ஆட்டத்துச் சண்டை. மாடிப் பையன் ஒருவனுக்காகக் கீழ்ப் பையன் வாதாடிக்கொண்டிருந்தான். நீங்கள் ஜன்னலில் நின்று, "வந்து பாருங்க, வந்து பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டீர்கள்.

அடுத்த ஆண்டு தலைமையாசிரியர் பழையபடி தனித்தனித் தேர்தல் என்றபோது, கூட்டத்தில் முதலில் எழுந்து மறுத்தது நான். எனக்கு அதற்கு ஒரு வருடம் தேவைப்பட்டது. மதியம் உங்கள் டப்பாவிலிருந்து நான் போளி என்று சொல்லும் ஒரு ஹோளிகையை எடுத்து என் தட்டில் வைத்தீர்கள். நீங்கள் ஓய்வு பெறும் வரை ஒரு வருடம்கூட அந்தத் தேர்தல் நிற்கவில்லை. பிறகும் நிற்கவில்லை.

தொம்மலூரில் அன்று ஓர் ஆள் என்னிடம் வந்து, "என்னைத் தெரியுதா மேடம்? நான் தோத்துப்போன மஞ்சுநாத்" என்றார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கிறாராம். ஜெயித்தவர்கள்கூட இத்தனை பெருமையாகத் தங்களை அறிமுகம் செய்துகொண்டு நான் பார்த்ததில்லை.

இந்த வருடம் பள்ளியில் சஸ்மிதா என்று ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம். தமிழும் தெரியாது, கன்னடமும் தெரியாது. வாக்காளர் பட்டியல் எழுதும்போது புதிதாக வந்த இளம் ஆசிரியை, "வேலை முடிஞ்சா போயிடுவாங்க மேடம், இவளுக்கு எதுக்கு ஓட்டு?" என்றாள்.

"இன்னைக்கு நம்ம பெஞ்சுலதானே உக்காந்திருக்கா" என்றேன். யோசிக்காமலே வந்தது. அவளைவிட எனக்குத்தான் ஆச்சரியம்.

பெயரைத் தமிழில் எழுதினேன். பிறகு மாடிப் பட்டியலுக்காகக் கன்னடத்திலும் எழுதினேன். தமிழில் என்றால் 'ஸ்' மேல் ஒரு புள்ளி வைத்துத் தாண்டிவிடுவோம். கன்னடத்தில் ஓர் எழுத்தை இன்னொன்றின் காலடியில் தொங்கவிட வேண்டும். பஸ்ஸில் டிக்கெட்டின் பின்பக்கம் நீங்கள் எழுதிக் காட்டிய அந்த எழுத்து எனக்கு இன்னும் கோணலாகத்தான் வருகிறது. வேட்பாளர் பெயர்களைப் படிக்க முடியாதவளுக்காகச் சீட்டில் ஒரு குடையும் ஒரு பூட்டும் வரைந்தோம்.

வாக்குப்பதிவன்று நான்தான் பெயர் வாசித்தேன். "சஸ்மிதா" என்றதும், கூப்பிட்டது தன்னைத்தானா என்று ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு முன்னால் வந்து, மை வைக்க விரலை நீட்டினாள்.