போன் தேடும் மென்பொருளுக்கு ஒரு கையேடு

திங்கள், 3

காலையிலிருந்து மழை. மோட்டார் சைக்கிளில் வந்ததில் முழங்கால்வரை சேறு. சுங்கைப் பட்டாணியில் சாலை போட்டவனை நிற்க வைத்து அறைய வேண்டும்.

முதலாளி பாய் புது வேலை கொடுத்தார். கெடா மாநிலத்தில் கடை கடையாக நாங்கள் வைஃபை போட்டுக் கொடுக்கிறோம். எந்தப் போன் எந்தக் கடை வைஃபையில் எப்போது சேர்ந்தது, எப்போது விலகியது என்று தேடும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதற்குக் கையேடு. லைன் அறுந்துவிட்டது என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்லும் பெண்களுக்காக. வெள்ளிக்குள் வேண்டுமாம்.

முடிந்தது: உள்ளே நுழைவது, போன் எண்ணைத் தட்டுவது. மீதி எல்லாம் பாக்கி.

சாயங்காலம் தங்கை கௌரி கூப்பிட்டாள், ஒளிந்திருக்கும் பாலிங்கிலிருந்து. உதட்டுத் தையல் பிரித்தாயிற்றாம். பெல்ட்டால் அடித்தது அவள் புருஷன் தினேஷ். எங்கள் ஆபீஸிலேயே கம்பம் ஏறி ஆண்டெனா மாட்டுகிறவன். தினமும் என்னிடம் வந்து அவள் எங்கே என்று கேட்பான். தெரியாது என்பேன். மூஞ்சியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

செவ்வாய், 4

மழை விட்டது. கையேட்டுக்குப் படம் எடுக்க, 'முந்தைய தேடல்கள்' பக்கத்தைத் திறந்தேன். யார் யார் எந்தப் போனைத் தேடினார்கள் என்று காட்டும் பக்கம். தினேஷ் பெயர். ஒரே எண், மேலிருந்து கீழ்வரை. கௌரியின் எண். கடைசிப் பதில்: பாலிங், அவள் வேலை செய்யும் துணிக்கடை. அந்த மாடியில்தான் அவள் அறை.

கீழே சாப்பாட்டுக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். ஹெல்மெட்டால் மூக்கிலேயே போட்டேன். ரத்தம் டீ கிளாஸுக்குள் சொட்டியது. இன்னொன்று போடுவதற்குள் பாய் ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டார். பாவி, துடைத்துக்கொண்டு சிரிக்கிறான்.

"அவ என் பொண்டாட்டி, அக்கா. கொன்னாலும் நான்தான் கொல்லுவேன்."

பாய் அந்த இடத்திலேயே அவனை வேலையை விட்டு நிறுத்தினார். போலீஸில் புகார் கொடுத்தேன். எழுதிக்கொண்டார்கள், பார்க்கிறோம் என்றார்கள். என் வீடு அவனுக்குத் தெரியும், கௌரியை இங்கே கூட்டிவர முடியாது. கோத்தா கோலா மூடாவில் என் சிநேகிதி வீடு பாதுகாப்பு. அவள் வெளியூர் போய் வெள்ளிதான் திரும்புகிறாள். அதுவரை வைஃபையை அணைத்துவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு இரு என்று கௌரியிடம் சொன்னேன்.

புதன், 5

வெயில். தலைவலி. இன்று நான் தேடுகிறேன், அவன் போனை. கையேடு எழுதுகிற சாக்கு. இங்கே பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவன் கூட்டாளி போன் கடை வைத்திருக்கிறான், அங்கேயே கிடக்கிறான். கௌரியிடம் சொன்னேன், நிம்மதியாகத் தூங்கு, நான் கண்ணை எடுக்க மாட்டேன் என்று.

அவனை என்ன செய்யலாம் என்று யோசித்தபடி பீன்ஸ் நறுக்கினேன். விரல் வெட்டு. கத்தியைக் கீழே வைக்கவே மனசில்லை.

வியாழன், 6

மதியம் கௌரி கூப்பிட்டாள்.

"அக்கா, யாரோ கதவத் தட்டுறாங்க. கேஸ் சிலிண்டர் கொண்டாந்திருக்காராம். மழையில குரல் சரியாக் கேக்கல."

திரையைப் பார்த்தேன். அவன் போன் காலையிலிருந்து கூட்டாளி கடையில். இன்னும் விலகவில்லை.

"அவன் இங்கதான் இருக்கான்லா. நான்தான் பாத்துக்கிட்டு இருக்கேனே. திற."

தாழ்ப்பாள் சத்தம். பிறகு தினேஷ் குரல்.

அதற்குப் பிறகு கேட்டதை எழுத மாட்டேன். இல்லை, எழுதுகிறேன். மேசை விழுந்தது. அக்கா என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். பிறகு ஈரத்துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம், நிற்காமல். நான் போனுக்குள் கத்தினேன். திரையில் அவன் இன்னும் கடையில்தான் இருந்தான்.

போனைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். இந்த ஆபீஸில் வேலை பார்த்தவன். நான் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று அவனுக்குத் தெரியாதா.

வெள்ளி, 7

ஆஸ்பத்திரி. கன்னத்து எலும்பு, இடது கை, விலா. வலது காது கேட்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம். ஆண்டெனா மாட்டும் ஸ்பானரால் அடித்திருக்கிறான். பக்கத்து அறை லோரி டிரைவர் வந்து அவன் கையை முறித்துப் போட்டாராம். கழுத்தை முறித்திருக்கலாம். போலீஸ் கொண்டுபோய்விட்டது.

வராந்தாவில் உட்கார்ந்து கையேட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். 'இது போன் இருக்கும் இடத்தைத்தான் காட்டும். ஆள் இருக்கும் இடத்தைக் காட்டாது.' நடந்ததில் என் பங்கு பாய்க்குத் தெரியாது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே, எதற்கு எழுத வேண்டும் என்று பதில் போட்டார்.

சாயங்காலம் ஒரு தமிழ்ப் போலீஸ்காரம்மா வாக்குமூலம் எடுக்க வந்தார். கௌரிக்கு ஒரு கண்தான் திறக்கிறது. அவன் தேடிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தும் ஏன் கதவைத் திறந்தாய் என்று கேட்டார். நான் சொல்ல வாயெடுத்தேன். கௌரி என் வெட்டுப்பட்ட விரலோடு சேர்த்துக் கையை இறுக்கினாள்.

"நானாத்தான் திறந்தேன்."