ஐந்தாவது பொத்தான்

ஜூலை 6, ஞாயிறு

பூசை முடிந்ததும் பங்குத்தந்தை ஜாபஸ் என்னைப் பிடித்துக்கொண்டார். பங்குக்கு ஒரு செல்போன் செயலி வேண்டுமாம். “அம்பத்தூர் கம்பெனியில இருபது வருஷமா இதத்தானே செய்யறீங்க?” செய்கிறேன், ஃபாதர். அதில் ஒன்றையாவது என் தெருவில் யாரும் பார்த்தார்களா என்பது வேறு கதை.

திரைக்கு அடியில் ஐந்து பொத்தான்: திருப்பலி, அறிவிப்பு, ஓலை, ஜெபம், பாட்டு. யாருக்கும் யாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கிறார்களே, அந்த ஓலைக்குத் தனிப் பொத்தான் என் யோசனை. எங்கள் சென்னீர்குப்பத்தில் அதைவிட ருசியான செய்தி ஏது?

ஜூலை 9, புதன்

சரிபார்க்கப் பொய் ஓலை ஒன்று தேவைப்பட்டது. விரல் தானாக என் பெயரையே அடித்தது: மணமகன் இருதயராஜ், வயது 49. மணமகள் ஜெயசீலி, வயது 46.

தானாகவா? பதினோரு வருஷமாகக் கோயில் பாடகர் குழுவில் அவள் கீபோர்டுக்குப் பின்னால் நின்று பாடுகிறேன். கேட்க வேண்டியதை இன்னும் கேட்டபாடில்லை. பூந்தமல்லியில் டீச்சர். நான் கேட்பதைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டால்?

ஜூலை 12, சனி

பொய் ஓலையை நிஜ ஓலைகளோடு வைக்கக் கூடாதே. ‘சோதனை’ என்று ஆறாவது பொத்தான் போட்டு அதற்குள் வைத்தேன். ஆறு ஆனதும் ஐபோன் தன் புத்தியைக் காட்டியது. நாலை மட்டும் முன்னால் விட்டு, பாட்டையும் சோதனையையும் ‘மேலும்’ என்ற ஐந்தாவது பொத்தானுக்குள் தள்ளிவிட்டது. தள்ளட்டும். ‘மேலும்’ எல்லாம் யார் அமுக்குகிறார்கள்?

முன்னோட்டமாக ஃபாதருக்கும், பாடகர் குழுவில் ஐபோன் வைத்திருக்கும் ஆறு பேருக்கும் அனுப்பினேன். அனுப்புமுன் சோதனையை அழித்திருக்கலாம். இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க நன்றாக இருந்தது. மனசு வரவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

பாடகர் குழுத் தலைவன் அருள்தாஸ் ஃபோனில் பொரிந்து தள்ளினான். “இன்னா மச்சான், பாட்ட எங்க ஒளிச்சு வச்ச? ‘மேலும்’க்குள்ள குந்திகினு கீது! குரூப்புல அல்லாருக்கும் சொல்லிட்டேன், அத்த அமுக்குங்கன்னு.”

அல்லாருக்குமா?

ஐயோ. அவளும் ஐபோன்தான். மொத்தக் குழுவையும் அந்தக் கதவுக்கு அனுப்பிவைத்தவன் நானே. டேய் இருதயராஜ், ஊர் வம்ப மூலை மூலையா பொறுக்கறவனுக்கு, மத்தவங்களும் மூலைல கைய வுடுவாங்கன்னு தெரியாதா?

ஜூலை 17, வியாழன்

ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை. மணிக்கொரு தரம் குரூப்பைத் திறந்து பார்க்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஜெயசீலி கீபோர்டுக்கு உறை மாட்டிக்கொண்டே கூப்பிட்டாள். “அந்தச் சோதனைப் பக்கத்துல ஒரு தப்பு இருக்கு.”

“தெரியும். அழிச்சிடறேன்.”

“அழிக்கச் சொன்னேனா? எனக்கு நாப்பத்திநாலு. நாப்பத்தாறுன்னு போட்டிருக்கீங்க.”

“மத்தது?”

“மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு” என்று உறையின் ஜிப்பை இழுத்தாள்.

வீட்டுக்கு நடக்கிறேன் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் எதிர்ப்பக்கம் போகும் திருவேற்காடு ஷேர் வேனில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சோதனையை எடுத்தாயிற்று. பொத்தான் ஐந்தானதும் ‘மேலும்’ தானாகக் காணாமல் போனது. பாட்டு முன்னால் வந்துவிட்டது.

காலையில் ஃபாதர் ஓலை வாசித்து, “தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்” என்றார். அருள்தாஸ் என் காதில் சொன்னான்: “ஒண்ணு கீது மச்சான். உன் சுருதி.” முன்வரிசையில் கீபோர்டில் இருந்தவள் தோள் சிரிப்பில் ஒரு நொடி குலுங்கிற்று.

வீட்டுக்கு வந்து மூன்றாவது பொத்தானை அமுக்கிப் பார்த்தேன். வயது 44.

இன்னும் இரண்டு ஞாயிறு.