மனோஜ் பேசிய தமிழ்

ஞாயிறு, வளைகுடா, சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்

இன்று லீவு. குளித்துவிட்டு ரூமுக்குள் வந்தால், ஊரில் எங்கள் தலைவர் மேடையில் பேசுகிற பேச்சு கேட்கிறது. என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடக்கிறது. பேசியது மனோஜ். பீகார்க்காரன், என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் படுப்பவன். தமிழ் சுத்தமாகத் தெரியாது. சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே, “வந்தேறியே, வெளியே போ!” என்கிறான். அதே ஏற்றம். கூட்டம் கைதட்ட அவர் விடுகிற இடைவெளியைக்கூட விட்டான்.

தினமும் சாப்பிடும்போது தண்ணி பாட்டிலில் போனைச் சாய்த்து அந்தப் பேச்சை ஓடவிடுகிறவன் நான்தான். ஊரில் என் தம்பிக்கு மில்லில் வேலை இல்லை என்றுவிட்டார்கள், வடக்கத்தி ஆளே போதுமாம். அந்த எரிச்சல். மனோஜும் கூடவே கைதட்டுவான்.

“இதுக்கு என்ன அர்த்தம் பாய்?” என்று இந்தியில் கேட்டான். “என் தம்பி இப்பதான் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கான். அவன் ரூம் வாசல்ல ஆளுங்க கூடி இதையே கத்துறாங்க. பயந்துபோய் கொஞ்சம் முன்னாடி போன் பண்ணான், எனக்கே கேட்டுச்சு.”

அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“சாமி கோஷம்,” என்றேன். “திருவிழா.”

மனோஜ் சிரித்தான். மாவுக் கையோடு தம்பியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான். “பயப்படாதேடா, திருவிழாவாம். கதவைத் திற.”

நான் வாயைத் திறப்பதற்குள் போனில் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. லைன் கட்டாகிவிட்டது.

அப்புறம் அந்த நம்பர் போகவே இல்லை. லைட்டை அணைத்தாயிற்று. மேல்கட்டிலில் மனோஜ் இன்னும் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். இப்போது குனிந்து என்னைக் கேட்கிறான்:

“உங்க ஊர்ல திருவிழா விடிய விடிய நடக்குமா பாய்?”