மாகாளனைக் கட்டி அனுப்பக் கேட்டதற்கு மறுமொழி

நெடுங்கழி நாட்டின் நாற்பத்தெட்டுக் கழியூர்களுக்கும், உப்பூர்க் கோட்டைக்கும், தென்கரைத் துறைகள் ஏழுக்கும் உரியவளும், திறை தரும் நாளிலும் தலை தாழ்த்தாமலே தந்து பழகிய குடியில் பிறந்தவளுமாகிய அரசி ஆழிநங்கை, வல்லகப் பேரரசின் முதன்மந்திரியும், மணிமாடக் கடிகையின் புரவலரும், பந்துக்களத்து நடுவர் அவையின் தலைவரும், இன்னும் யாம் எழுத இவ்வோலையில் இடம் போதாத பட்டங்கள் பலவற்றைச் சுமப்பவருமாகிய கோதண்ட விழுப்பரையர் அவர்களுக்கு விடுக்கும் திருமுகம்.

தங்கள் பேரரசர் நெடிது வாழ்க. தங்கள் வயல்களில் தைப்போகம் களம் நிறைய விளைக. தங்கள் யானைகள் நோயின்றித் திரிக. தங்களுக்கு முழங்கால் வலி மிகுந்திருப்பதாகச் சென்ற முறை வந்த தூதர் சொன்னார். கழிக்கரைப் புன்னையெண்ணெய் இரு குடம் இத்துடன் வருகிறது. அதனை இளஞ்சூட்டில் தடவிக்கொள்ளுங்கள். எண்ணெய் மனமுவந்து தருவது, இனி எழுதப்போவதோடு அதற்குத் தொடர்பில்லை.

கார்த்திகை வளர்பிறையில் தங்கள் ஓலையை அவையில் இருமுறை வாசிக்கக் கேட்டோம். முதல்முறை சினம் வந்தது. இரண்டாம் முறை சிரிப்பு வந்தது. எம் அவைப்புலவர் அதனை அடக்கமாட்டாமல் தூணுக்குப் பின்னால் போய் நின்றார். மணிமாடக் கடிகையில் நூல் பயின்று, அக்கடிகைக்காகப் பந்தும் ஆடிய ஒளியன் மாகாளன் என்பான் தங்கள் கடிகையின் உடைமை என்றும், அவன் கள்ளத்தனமாக ஓடிவந்து எம் உப்பூர்க் கடிகையில் புகுந்தான் என்றும், தை முழுநிலவுக்குள் அவனைக் கைகட்டித் தங்கள் வாயிலில் ஒப்படைக்க வேண்டும் என்றும், தவறினால் வரும் ஆவணி விழாவில் எம் கடிகைக்குப் பந்துக்களம் அடைக்கப்படும் என்றும் எழுதியிருந்தீர்கள்.

மாகாளன் தங்களை விட்டு நீங்கியது சென்ற தைத்திங்களில். அன்று முதல் ஏழு திங்கள் தாங்கள் வாய் திறக்கவில்லை. ஆவணி விழாவில், தங்கள் பேரரசர் கண்முன்னே, அவன் தோற்பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு தங்கள் ஆட்டக்காரர் பதினொருவரையும் கடந்து மும்முறை எல்லைக்கல் தொட்டான். அதற்குப் பிறகுதான் அவன் தங்கள் உடைமை என்பது தங்கள் நினைவுக்கு வந்தது. தோல்வி எவர்க்கும் கசக்கும். யாமும் பல ஆண்டு தின்று பார்த்த கசப்புதான் அது. ஆனால் அதற்கு மருந்தாக ஒரு மனிதனைக் கட்டி அனுப்பச் சொல்வது எந்த வைத்தியம் என்று எமக்கு விளங்கவில்லை.

கழலிறக்கு என்னும் வழக்கத்தைத் தங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருப்பது எமக்கே நாணமாக இருக்கிறது. கடிகைக்காக ஆடுபவன் வலக்காலில் அக்கடிகையின் கழலை அணிகிறான். தை முழுநிலவு தொடங்கி மூன்று நாள், அவன் விரும்பினால் அதன் ஆணியை உருவிக் கழலைக் களத்து ஓரத்தில் வைத்துவிட்டு, வேறு கடிகைக்குப் போகலாம். போகிறவனைத் தடுக்கலாகாது, ஏசலாகாது, ஏன் என்று கேட்கவும் ஆகாது. அவனைப் பயிற்றிய ஆசான் ஒரு பொதி வழிச்சோறு கட்டிக் கையில் தரவேண்டும். சோறு கைமாறியதும் அவன் விடுபட்டவன் ஆகிறான். பந்தாடும் நாடுகள் அனைத்தும் ஒப்பிய முறை இது. இதில் தங்கள் பேரரசரின் பாட்டனார் முத்திரையும் இருக்கிறது, எம் தாயின் முத்திரையும் இருக்கிறது.

இம்முறையைத் தாங்கள் நேராக மீறவில்லை. அந்த அளவுக்குத் தங்களுக்குத் துணிவு உண்டு என்று யாமும் எண்ணவில்லை. மாகாளன் நீங்கியதற்கு முந்திய ஆண்டில் மூவர் கழல் இறக்கிப் போனதைக் கண்டதும், தங்கள் கொல்லரை அழைத்து, எஞ்சிய நாற்பத்து நால்வர் காலிலும் கழலின் ஆணியைப் பழுக்கக் காய்ச்சித் தட்டி மழுங்கச் செய்தீர்கள். இனி எவனாலும் அதனைக் கழற்ற இயலாது. கழல் இறங்காவிட்டால் கழலிறக்கும் இல்லை, ஆகவே எவனும் போகவில்லை என்று கணக்காயரைக் கொண்டு எழுதியும் வைத்துக்கொண்டீர்கள். இத்தனை அறிவையும் பந்தாட்டத்தில் செலவிட்டிருந்தால் ஆவணியில் தாங்களே வென்றிருப்பீர்கள்.

ஆயினும் தாங்கள் ஒன்றை மறந்தீர்கள். சென்ற தை முழுநிலவு தொடங்கி மூன்றாம் நாள், மாகாளன் விடிகாலையில் களத்து ஓரத்துக்கு வந்து, கழற்ற முடியாத கழலோடு வலக்காலை எல்லைக்கோட்டின் மேல் நீட்டி உட்கார்ந்தான். உச்சிவெயிலிலும் எழுந்திருக்கவில்லை. உடன் ஆடிய நாற்பத்து மூவரும் வரிசையாக நின்று பார்த்தார்கள். அந்தி சாயும் வேளையில் தங்கள் கடிகையின் பயிற்றாசான் சேந்தனார் மடைப்பள்ளிக்குப் போய், தம் கையாலேயே புளிச்சோறு கட்டி வந்து, அவன் மடியில் வைத்து, போய் வா என்று சொன்னார். கழலை இறக்குவது ஆடுபவன் செயல். அதனை ஏற்பது ஆசான் செயல். இரண்டாவது நடந்தபின் முதலாவது நடக்கவில்லை என்று வழக்காடுவது, தாலி கட்டி முடிந்தபின் மேளம் சரியாக வாசிக்கவில்லை என்று திருமணத்தை மறுப்பதை ஒக்கும்.

அந்தச் சேந்தனாரை மறுநாளே பயிற்றாசான் பதவியிலிருந்து நீக்கி, யானைக்கொட்டிலில் தழைக்கட்டு எண்ணும் வேலையில் வைத்தீர்கள் என்று அறிகிறோம். முப்பது ஆண்டு இளைஞர்களை ஓடப் பயிற்றியவர் இப்போது தழை எண்ணுகிறார்.

மாகாளன் ஒன்பது நாள் நடந்து உப்பூர் வந்து சேர்ந்தான். கழல் அழுத்தியதால் கணுக்கால் பனங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. எம் கொல்லன் ஆலன் அரைநாள் அராவிக் கழலை அறுத்தான். மாடுகளுக்கு லாடம் அடிக்கும்போதுகூட இதைவிட இரக்கத்தோடு தான் அடிப்பதாக அவன் அவையில் வந்து உரைத்தான். அவன் உரைத்ததை அப்படியே எழுதச் சொன்னோம்.

அதே ஓலையில் அவனுக்குத் தந்த பயிற்சிக்கு ஈடும் கேட்கிறீர்கள். நல்லது. மாகாளன் தங்களிடம் இருந்த மூன்று ஆண்டில் பெற்றது இருவேளைச் சோறும், ஆண்டுக்கு இரு வேட்டியும், இலக்கணமும். கடிகை மாணாக்கன் கல்விக்காகவே ஆடுகிறான், கூலி பெறுவது கலைமகளுக்கு இழுக்கு என்று தங்கள் ஓலை உருக்கத்தோடு சொல்கிறது. அதே மூன்று ஆண்டில் களவாயிலில் தண்டிய காசைக் கொண்டு தங்கள் கடிகைக்கு ஏழுநிலை மாடம் எழுந்தது. பட்டு வணிகர் மாகாளன் பந்தோடு பாயும் உருவத்தைத் தம் துணிச் சிப்பங்களின் மேல் பொறித்து, எம் துறைகளில்கூட விற்றார்கள். அவன் முகத்துக்காக அவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டது தங்கள் பண்டாரம். கலைமகள் அப்போது எங்கே போயிருந்தாள் என்று எழுதியனுப்பினால் நன்றி உடையோம்.

எம் நாட்டு வழக்கம் வேறு. வலை இழுத்தவர்க்குப் பாட்டில், அதாவது அன்று பட்ட மீனில், பங்கு உண்டு. படகு உடையவனுக்கு ஒன்று, வலை உடையவனுக்கு ஒன்று, இழுத்த ஒவ்வொருவனுக்கும் ஒன்று. மீனுக்குச் செய்வதையே ஆட்டத்துக்கும் செய்கிறோம். களவாயிலில் வருவது களத்திலேயே கொட்டப்பட்டு, ஆடியவர் கண்முன்னே பங்காகிறது. அடிபட்டு வெளியே உட்கார்ந்தவனுக்கும் பங்கு குறையாது. இதனால் எம் இளைஞர் நூலை மறந்துவிட்டதாகத் தெரியவில்லை. மாகாளன் சென்ற திங்கள் எம் கணக்காயரோடு ஓர் இலக்கணச் சூத்திரத்துக்காகச் சண்டையிட்டான், கணக்காயர்தான் தோற்றார்.

எம்மைத் தூயவர் என்று சொல்லிக்கொள்ள வரவில்லை. மூன்று ஆண்டுக்கு முன் முல்லைக்குறிச்சிச் சிறுகடிகையிலிருந்து நல்ல தடுப்பாட்டக்காரன் ஒருவனை, புதுப் படகு தருவதாகச் சொல்லி அழைத்தோம். படகு செய்வதில் காலம் கடத்தினோம். அவன் அடுத்த தையில் எம் முகத்துக்கு நேரே கழலை இறக்கி வைத்தான். யாம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம். எனினும் எம் ஆசான் சோறு கட்டிக் கொடுத்தார். அந்த ஆவணியில் அவனாலேயே தோற்றோம். அவனைக் கட்டி அனுப்புங்கள் என்று எவர்க்கும் ஓலை எழுதவில்லை.

பந்துக்களத்தை அடைப்போம் என்கிறீர்கள். அடையுங்கள். எம் கழியில் நீர் வற்றும் பங்குனியில் ஆயிரம் கோல் நீளத்துக்கு மணல் கிடக்கிறது. சிறுகடிகைகள் ஏழு அங்கே வந்து ஆட இசைந்துள்ளன. ஏழுநிலை மாடத்தின் மேல் நின்றாலும் அது தங்களுக்குத் தெரியாது, ஆனால் ஆரவாரம் கேட்கும். உப்பு வண்டிகளை மறிப்போம் என்று தங்கள் தூதர் வாய்மொழியாகச் சொன்னதையும் கேட்டுக்கொண்டோம். உப்பில்லாமல் வல்லகம் எத்தனை நாள் உண்ணும் என்பதை எம்மைவிடத் தங்கள் மடைப்பள்ளியார் நன்கு அறிவார்கள்.

ஆகவே, முதன்மந்திரியாரே, மாகாளனைக் கட்டமாட்டோம். கட்டுவதற்கு எம் நாட்டில் கயிறு இல்லாமல் இல்லை. கட்டும் உரிமை எமக்கும் இல்லை, தங்களுக்கும் இல்லை.

எனினும் அவனைத் தங்கள் வாயிலில் நிறுத்தச் சொன்னீர்கள். முழுநிலவு நாள் என்று குறித்தும் தந்தீர்கள். அதனை மட்டும் நிறைவேற்றியுள்ளோம். தங்கள் நாட்டுத் தூதுமுறைப்படி, அயல்நாட்டு ஓலையைத் தூதனே கூட்டத்தின் நடுவே உரக்க வாசிக்கவேண்டும். வாசித்து முடித்து அவன் எல்லை கடக்கும் வரையில் பேரரசரும் அவன்மேல் கை வைக்கலாகாது. மாகாளனின் முகத்தைத் தாங்கள் பட்டுச் சிப்பத்தில் கண்டதல்லாமல், மூன்று ஆண்டில் ஒருமுறையும் அருகே நின்று கண்டதில்லை என்று அவன் எமக்குச் சொன்னான். இந்நேரம் தங்கள் முன் நின்று, கழலிறக்கு நாளில் கூடிநிற்கும் நாற்பத்து மூவரும் கேட்க, இவ்வோலையை வாசித்துக்கொண்டிருப்பவன் அவனே.

இத்தூதுக்கு அவனை யாம் ஏவவில்லை, தானே கேட்டான். அவன் காலில் எம் கழலும் இல்லை. கழலிறக்கு நாள் இன்னும் வரவில்லை என்றாலும், புறப்படும் முன் எம் களத்து ஓரத்தில் அதனை இறக்கிவைக்க யாமே சொன்னோம், எம் ஆசான் சோறும் கட்டிக் கொடுத்தார். ஆதலால் இன்று அவன் எவருடைய ஆட்டக்காரனும் அல்லன். தாங்கள் மாடமும் மானியமும் காட்டி அழைத்து, அவன் மனமுவந்து தங்கினால், எமக்கு நெஞ்சு எரியும்; மறைக்கமாட்டோம். எம் பதினொருவரில் அவனைப்போல் இன்னொருவன் இல்லை. அப்போதும் யாம் ஓலை விடுக்கமாட்டோம்.

இனி எம் கட்டளை. பேரரசின் மந்திரிக்குச் சிறுநாட்டு அரசி கட்டளையிடுவதா என்று வியக்கவேண்டா. இதனைத் தங்கள் பேரரசரின் பாட்டனார் முத்திரையின் பேரால் இடுகிறோம். வாசிப்பு முடிந்ததும் தாங்கள் இருக்கையை விட்டு எழுந்து, அவனை நோக்கி, நீ எங்கே ஆட விரும்புகிறாய் என்று ஒருமுறை கேளுங்கள். கேட்டபின் அதே கேள்வியை அங்கே நிற்கும் நாற்பத்து மூவரிடமும், ஒவ்வொருவராகப் பேர் சொல்லி அழைத்துக் கேளுங்கள். பேர் தெரியாவிட்டால் யானைக்கொட்டிலுக்கு ஆள் அனுப்புங்கள். சேந்தனார் வந்து சொல்வார்.

தைத்திங்கள் முழுநிலவில் வாசிப்பதற்காக, மார்கழித் தேய்பிறையில், உப்பூர்க் கோட்டையில், எம் கையெழுத்தும் இரட்டைச் சுறா முத்திரையும் இட்டு விடுத்தது. ஓலை இவ்வளவே. தூதன் இப்போது இதனைச் சுருட்டிவிட்டுத் தங்கள் கேள்விக்காகக் காத்து நிற்பான்.