நான் எழுந்த நேரங்கள்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். வீட்டில் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, உன் விடுதி அறையில் கூட இருக்கும் பெண் இன்னும் குறட்டை விடுகிறாளா என்பதையெல்லாம் நீ குழந்தையிடம் போனில் சொல்லும்போது பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் என் கைக்கு வந்தால் நீ "சாப்பிட்டீங்களா மாமா" என்கிறாய், நான் "ஆச்சும்மா" என்கிறேன், அதற்குள் நம் வாலு பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுகிறாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது வசதியாகத்தான் இருக்கிறது. சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்து திரும்பிப் போய்விடுகிறது. முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் நின்றாலும், பழுது என்ன, காரணம் என்ன, செய்த வேலை என்ன என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே வருவேன். வாயால் சொல்லும்போது கூட்டலாம், குறைக்கலாம். எழுதும்போது எனக்கு அது வராது.

முதலில் வீட்டுச் செய்தி. வாலுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. போனில் அவள் பேசுவது காற்றாக வருகிறதே என்று கேட்டாயே, அதுதான் காரணம். நீ நேரில் வந்து பார்க்கும்வரை யாரும் சொல்லக்கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், நீ தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. உன் வீட்டுக்காரன் சமையலில் உப்பு ஒரு நாள் இரண்டு தடவை விழுகிறது, மறுநாள் அதற்கு விடுமுறை. வாயைத் திறக்காமல் சாப்பிடுகிறோம். காலையில் கண் விழித்ததும் வாலு கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்கு வெள்ளிக்கிழமையா தாத்தா?" என்பது. இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிதான் அம்மா வரும் வெள்ளி என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. இல்லை என்று சொல்லும் வேலை என்னுடையதாகிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போன பிறகு உன் பெரிய மானிட்டர் மேசைமேல் சும்மாதான் இருந்தது. போன மாதம் உன் வீட்டுக்காரன் தன் லேப்டாப்பை அதில் மாட்டி வேலை செய்ய ஆரம்பித்தான். முதல் நாளே கறுத்துப் போனது. மூன்று நான்கு வினாடி இருட்டு, பிறகு தானாக வந்துவிடும். நீ சொல்லிச் சொல்லி அலுத்துப்போன அதே கதைதான். உன் லேப்டாப்பில்தான் கோளாறு என்று நானும், கம்ப்யூட்டர் கடைக்காரர் சோடாபுட்டியும் சேர்ந்து தீர்ப்பு எழுதினோமே, அந்தத் தீர்ப்பு அன்றைக்கே பொய்யாகிவிட்டது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் பிரித்துப் போட்டிருந்த மிக்சிக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

அதன்பிறகு நானே பழுது பார்க்க இறங்கினேன். மின்சார வயரை மாற்றினேன். வேறு பிளக்கில் மாட்டினேன். மானிட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டு துளையில் ஒன்றை விட்டு மற்றதில் சொருகிப் பார்த்தேன். அது தானாகத் தூங்கிப்போகும் அமைப்பு ஒன்று இருக்கிறதாம், அதை உன் வீட்டுக்காரனிடம் சொல்லி நிறுத்தச் சொன்னேன். எதிர்வீட்டு டீச்சரிடம் கெஞ்சி அவர்கள் மானிட்டரை ஒரு நாள் இரவல் வாங்கி வந்தேன். அதுவும் கறுத்தது. டீச்சர் "எங்க வீட்டுல நல்லாத்தானே இருந்துச்சு" என்று பதறிப்போய் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கடைசியில் என் தொழில் புத்தியைக் கையில் எடுத்தேன். எப்போதாவது மட்டும் நிற்கும் லிஃப்டுக்கு ஒரே வைத்தியம்தான் உண்டு. ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு நின்றது என்று குறித்துக்கொண்டே வர வேண்டும். காரணம் அந்த நேரங்களுக்குள்தான் ஒளிந்திருக்கும். மானிட்டரில் மீன்கள் நீந்தும் வீடியோ ஒன்றை ஓடவிட்டு, பக்கத்தில் என் மேசை முன்னால் உட்கார்ந்து மூன்று நாள் குறித்தேன். பத்து ஐந்து. பதினொன்று இருபது. பதினொன்று முப்பத்தைந்து. ஒரு மணி. இரண்டு பத்து. மூன்றே முக்கால்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் படித்தேன். பத்து ஐந்து நான் டீ போடப் போன நேரம். பதினொன்று இருபது பாத்ரூம். பதினொன்று முப்பத்தைந்துக்குக் கூரியர்காரன் மணி அடித்தான். ஒரு மணிக்குச் சாப்பாடு. அது மானிட்டரின் பழுதுக் கணக்கே இல்லை அம்மா, நான் எழுந்த நேரங்கள். என் முதுகுவலிக்காக நீ பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்த சுழல் நாற்காலியிலிருந்து நான் எழும்போதெல்லாம் அது கறுத்திருக்கிறது.

சோடாபுட்டியிடம் நோட்டைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "பெரியவரே, இதை நான் முன்னாடியே ஒரு இடத்துல பார்த்திருக்கேன், அப்பவே தோணாம போச்சு" என்று தலையைச் சொறிந்தார். உயரம் கூட்டிக் குறைக்க அந்த நாற்காலிக்கு அடியில் காஸ் குழாய் இருக்கிறதல்லவா, பாரம் சட்டென்று விலகும்போது அங்கே ஸ்டாடிக் மின்சாரம் ஒரு கணம் துள்ளுமாம். லேப்டாப்பையும் மானிட்டரையும் இணைக்க நம் வீட்டில் இருந்தது மெல்லிய உறை போட்ட மலிவு கேபிள். அது இந்தத் துள்ளலை வாங்கி மானிட்டருக்குக் கொடுக்க, படம் அறுந்துபோகிறது. தடித்த உறை போட்ட கேபிள் ஒன்று கொடுத்தார். அதை மாட்டிவிட்டு நாற்பது தடவை உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். ஒரு தடவைகூடக் கறுக்கவில்லை. முழங்கால்தான் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தது.

இங்கேயே முடித்துக்கொண்டால் நான் கெட்டிக்கார மாமா. ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது. மேலே எழுதுகிறேன்.

இதை நீ ஆறு மாதத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டாய். "மாமா, நீங்க எழுந்திருக்கிறப்பல்லாம் இது கறுக்குது, கவனிச்சீங்களா?" என்று கேட்டாய். ஒரு பழுதைப் பற்றி இன்னொரு மெக்கானிக் கேட்கிற மாதிரிதான் கேட்டாய். உன் குரலில் வேறு எதுவும் இல்லை. நான்தான் வேறு எதையோ கேட்டேன். நான் பிறந்த மாதத்தில் என் அப்பா செத்துப்போனார். இவன் கால் வைத்த இடம் விளங்காது என்று பெரியவர்கள் என் காதுபடச் சொல்லித்தான் வளர்ந்தேன். கல்யாண வீட்டில் முன்வரிசையில் போய் நின்றால் தோளைப் பிடித்துப் பின்னால் இழுப்பார்கள். அறுபத்தெட்டு வயதில், என் மகன் வீட்டில், அதே சொல் மறுபடியும் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இதை உன்னிடம் சாக்காகச் சொல்லவில்லை. அவர்கள் மேல் இருந்த கோபத்துக்கு நீ ஆள் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று உன்னைக் கேலி செய்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று உன் வீட்டுக்காரனிடம், உனக்குக் கேட்கும்படியே சொன்னேன். நீ சிரித்து மழுப்பிவிட்டு வேலையைப் பார்த்தாய்.

பிறகு அந்த நாள் வந்தது. நான்கு வாரம் உட்கார்ந்து நீ வரைந்த மூன்று மாடிப் பள்ளிக்கூடத்தின் வரைபடத்தை உங்கள் ஆபீஸ் பெரியவர்களுக்கு வீட்டிலிருந்தே வீடியோ காலில், மானிட்டரில் காட்டி விளக்க வேண்டிய நாள். அது நன்றாக முடிந்தால் உன் குழுவுக்கு நீதான் தலைவி. காலையில் என்னிடம் வந்து, "மாமா, ஒரு மணி நேரம் மட்டும் ஹால்ல உட்காருறீங்களா?" என்று கேட்டாய். டீயை ஆற்றிக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாய்.

நான் ஹாலுக்குப் போகவில்லை. நீ பேச ஆரம்பித்த பிறகு அறைக்குள் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். முதல் தடவை எழுந்தது தாகத்துக்கு, அது நிஜம். மானிட்டர் கறுத்தது. நீ "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிச் சமாளித்தாய். இரண்டாவது தடவை எழுந்தது வீம்புக்கு. இவள் சொல்வது பொய் என்று எனக்கு நானே காட்டிக்கொள்ள எழுந்தேன். கறுத்தது. மூன்றாவது தடவை எழுந்தபோது எனக்குத் தெரியும். கறுக்கும் என்று தெரிந்துதான் எழுந்தேன். உன் தோள் இரண்டும் இறங்கியதைப் பின்னாலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு மட்டும் எப்படிம்மா கறுக்கும் என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டதும் என் காதில் விழுந்தது. நீ என் பக்கம் கை நீட்டிக் காட்டியிருக்கலாம். மன்னிக்கணும் சார் என்று மட்டும் சொன்னாய்.

அன்று சாயங்காலம் உன் வீட்டுக்காரன் வந்ததும் நான் முந்திக்கொண்டேன். "உன் பொண்டாட்டி என்னை அறையை விட்டு வெளியே போகச் சொல்லிட்டா, நான் இருந்தா விளங்காதாம்" என்றேன். விளங்காது என்ற சொல்லை நீ சொல்லவே இல்லை. அது என் கைச்சரக்கு. எங்கப்பாவை ராசியில்லாதவர் என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாயா என்று அவன் உன்னிடம் கத்தினான். நீ என்னைப் பார்த்தாய். "நான் அப்படியா சொன்னேன் மாமா" என்று நீ ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று பல நாள் உன் மேலேயே குறைப்பட்டிருக்கிறேன். கேட்டிருந்தாலும் நான் பொய்தான் சொல்லியிருப்பேன் என்பது நமக்கு இரண்டு பேருக்கும் தெரியும்.

தலைவி வேலை வேறு ஒருவருக்குப் போனது. வீட்டில் வசதி சரியில்லை என்று காரணம் காட்டி உன்னைத் தலைமை ஆபீசுக்கே வந்து வேலை செய்யச் சொன்னார்கள். நீ சண்டை போடாமல் பெட்டியை அடுக்கினாய். தெருமுனை வரை நான்தான் அந்தப் பெட்டியைத் தூக்கி வந்தேன், பெரிய நல்லவன் மாதிரி.

இந்த மூன்று நாள் நோட்டு எழுதியதில்கூட ஒரு திருட்டுத்தனம் உண்டு. காரணம் தெரிய வேண்டும் என்று தேடியதாக மேலே எழுதியிருக்கிறேன். வேறு ஏதாவது ஒரு காரணம் அகப்படட்டும் என்றுதான் தேடினேன். வயரோ, பிளக்கோ, டீச்சர் வீட்டு மானிட்டரோ, எதன் தலையிலாவது பழி விழாதா என்று தேடினேன். ஒன்றும் எனக்காகப் பொய் சொல்லவில்லை.

இதுவரை எழுதியதை நேற்று சாயங்காலம் உன் வீட்டுக்காரனை உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே அவன் தலையைக் குனிந்துகொண்டான். என் மேல் பாய்வான் என்று காத்திருந்தேன், பாய்ந்திருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். "அவ ஒண்ணுமே சொல்லாம பெட்டி அடுக்கினா. நான் அதைத் திமிருன்னு நினைச்சேன்பா. ஒரு வார்த்தை அவகிட்டக் கேட்கலையே" என்றான். உடனே உனக்குப் போன் போடக் கிளம்பினான். நான்தான் தடுத்தேன். நாம் இரண்டு பேரும் அவசரப்பட்டுப் பேசியதே போதும், அவள் முதலில் படிக்கட்டும், பேசலாமா வேண்டாமா என்று அவள் முடிவு செய்யட்டும் என்றேன்.

மறுபடி வீட்டிலிருந்து வேலை செய்ய இந்த மாதக் கடைசிக்குள் விண்ணப்பிக்கலாம் என்று அவன் சொல்கிறான். உங்கள் ஆபீசுக்கு ஒரு தாள் எழுதி இதனோடு வைத்திருக்கிறேன். பழுது என்ன, காரணம் என்ன, செய்த வேலை என்ன என்று எழுதி, அந்த நாளில் நடந்தது உன் தவறல்ல, வீட்டில் இருந்த என் தவறு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். வேண்டுமென்றே செய்தேன் என்பதையும் மறைக்கவில்லை. வீட்டு விஷயம் ஆபீசுக்குப் போவது உனக்குப் பிடிக்காவிட்டால் கிழித்துப் போடு. உன்னைக் கேட்காமல் உனக்காக எதையும் நான் இனி செய்வதாக இல்லை.

நான் எங்காவது போய்விடுகிறேன், நீ நிம்மதியாக வா என்று எழுதலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. அது மன்னிப்பு மாதிரி தெரிந்தாலும் உள்ளே மிரட்டல்தான். அதனால் எழுதவில்லை. பெரியவன் சின்னவளிடம் கேட்கக்கூடாது என்பார்கள். கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு, அம்மா. உடனே முடியாது என்றாலும் சரி, முடியவே முடியாது என்றாலும் உன் பக்கம்தான் நியாயம். அதற்காகக் குழந்தையிடமிருந்து தள்ளி இருக்காதே.

எந்தக் கடிதத்தையும் ஆசீர்வாதங்களுடன் என்று முடித்துத்தான் எனக்குப் பழக்கம். இன்று பேனா அந்த இடத்துக்கு வந்து நின்றுவிட்டது. உன்னை ஆசீர்வதிக்கும் தகுதி எனக்கு இன்னும் இருக்கிறதா என்று நீதான் சொல்ல வேண்டும். அதுவரை அந்த இடத்தை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

உன் மாமா