நாலு கட்டத்தில் மங்களம் ஸ்டோர்ஸ்

பொம்மனஹள்ளி,
பெங்களூரு.
16-11-2025

அன்புள்ள மகன் தருணுக்கு,

அப்பா உத்தமன் எழுதுவது. அம்மா, தாரணி, நான் மூன்று பேரும் இங்கே இருக்கிறோம். நன்றாக இருக்கிறோமா என்பதை இதை முழுக்கப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். குர்கானில் குளிர் ஆரம்பித்திருக்கும், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெளியே போகச் சொன்னாள் அம்மா.

போன் இருக்கும்போது இதென்ன கடுதாசி என்று கேட்பாய். போன் செய்தால் மீட்டிங்கில் இருக்கிறேன்ப்பா என்கிறாய். மூன்று வருஷமாக ஒரே மீட்டிங்தான் நடக்கிறது போலிருக்கிறது. இதையாவது பாதியில் கட் பண்ணாமல் படி.

முதலில் உன் தங்கை பள்ளிக்கூடத்துக் கூத்தைச் சொல்கிறேன். ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த வருஷம் புதிதாக வியாபாரப் பாடம் வைத்திருக்கிறார்கள். லவினா மிஸ் என்று ஓர் அம்மா. எம்.பி.ஏ. படித்தவராம். வாழ்க்கையில் ஒரு தீப்பெட்டி விற்றிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். ஒரு கடையைச் சுற்றி என்ன நடக்கிறது என்று அலசிப் பார்ப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்கிறாராம். அதற்கு ஒரு சார்ட் பேப்பரில் நாலு கட்டம். பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து. ஜாதகத்தில் பன்னிரண்டு கட்டம் போட்டே எவனுக்கும் ஒன்றும் சரியாகச் சொல்ல முடியவில்லை, இவர்கள் நாலே கட்டத்தில் கடையின் தலைவிதியைச் சொல்லிவிடுவார்களாம்.

அது போதாதென்று இன்னொரு சார்ட், அதில் ஆறு கட்டம். அரசியல், பொருளாதாரம், ஜனங்கள், டெக்னாலஜி, சட்டம், சுற்றுச்சூழல். மழை பெய்தால் நம் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது என்பதைச் சுற்றுச்சூழல் கட்டத்தில் எழுதினார்கள். போர்டில் கன்னடம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதைச் சட்டத்தில் எழுதினார்கள். அடேயப்பா, இதைக் கண்டுபிடிக்க ஓர் எம்.பி.ஏ. வேண்டியிருக்கிறது பார். இருபத்திரண்டு வருஷமாகத் தண்ணீரில் நிற்பவன் நான்.

ஒவ்வொரு குழுவும் ஒரு கடையை எடுத்துக்கொள்ள வேண்டுமாம். தாரணி நம் மங்களம் ஸ்டோர்ஸை எடுத்துக்கொண்டாள். கூட கேரல் என்று ஒரு பெண், நாகேஷ் என்று ஒரு பையன். மூன்று பேரும் கையில் நோட்டுடன் வந்து, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு என்னைப் பேட்டி எடுத்தார்கள். உங்கள் வாடிக்கையாளர் யார் அங்கிள் என்று கேட்டாள் கேரல். பசிக்கிறவன் என்றேன். அதையும் எழுதிக்கொண்டு அடிக்கோடு வேறு போட்டாள்.

பலம் என்ன என்று கேட்டபோது மட்டும், உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வாய் நிற்கவில்லை. இந்தத் தெரு எனக்கு மனப்பாடம் என்றேன். கார்மென்ட்ஸ் விட்டு வரும் பெண்கள் எத்தனை மணிக்கு வருவார்கள், ஸ்வல்ப கொத்தம்பரி ஹாக்கி அண்ணா என்று கன்னடத்தில் கொஞ்சம் கொத்தமல்லி எவள் கேட்பாள், கொசுறாக ஒரு பிடி கொத்தமல்லி போட்டால் எவள் மறுநாளும் வருவாள், எல்லாம் சொன்னேன். உனக்குத் தெரியாததா? போன பொங்கலுக்கு வந்தபோது நீயும் இதே மூட்டை மேல்தானே உட்கார்ந்திருந்தாய்.

பத்து நாள் இருந்தாய். படிக்கிற காலத்தில் கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்காதவன், தினமும் காலையில் காப்பி டம்ளரோடு வந்து கல்லா பக்கத்தில் உட்கார்ந்தாய். யார் வீட்டில் எத்தனை பால், எந்த பி.ஜி. ஹாஸ்டலில் எத்தனை தட்டு முட்டை, பையன்கள் எத்தனை மணிக்கு மேகி கேட்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாய்க்கார மேடம் பி.ஜி., ஒட்டகச்சிவிங்கி பில்டிங், கொய்யா மரத்து வீடு என்று நான் வைத்திருக்கும் பட்டப்பெயர்களை எல்லாம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாய், போனிலும் குறித்துக்கொண்டாய். பையனுக்கு இப்போதுதான் கடை மேல் பாசம் வந்திருக்கிறது என்று அன்றைக்கு உன் அம்மாவிடம் சொன்னேன்.

சரி, பேட்டிக்கு வருகிறேன். ஆபத்து என்ன என்று கேட்டார்கள். ஒன்றும் கிடையாது என்றேன். ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட் இரண்டு வந்ததையும் பார்த்தேன், ஷட்டர் இழுத்துவிட்டுப் போனதையும் பார்த்தேன். ஆகஸ்டில் தெருமுனையில், பத்து நிமிஷத்தில் வீட்டுக்கே சாமான் அனுப்புகிற கடை வந்ததே, நீ வேலை பார்க்கிற கம்பெனியின் கடை, அதையா சொல்கிறீர்கள் என்று சிரித்தேன். ஷட்டரைப் பாதி இறக்கிவைத்து, உள்ளே ஆளை விடாமல், முகம் காட்டாமல் சாமான் விற்கிறவனை நான் வியாபாரி என்றே சொல்லமாட்டேன். அழுகின தக்காளியைக் கொடுத்தால் யாரைப் போய்த் திட்டுவது? அந்த பைக் ஓட்டுகிற பையனையா? அவனே பாவம், வாசலில் வண்டியை அணைக்கக்கூட நேரமில்லாமல் ஓடுகிறான்.

ஆனால் அந்த லவினா மிஸ் கில்லாடி. முதலாளி சொல்வதை அப்படியே எழுதாதீர்கள், கண்ணால் பார்த்து எழுதுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் நாகேஷ் நம் கடைக்கு எதிரே உள்ள மாவு மில் படியில் உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு மணி நேரத்தில் நம் கடைக்கு வந்தவர்கள் பதினொரு பேர். தெருவுக்குள் திரும்பிய டெலிவரி பைக் நாற்பத்து மூன்று. உனக்கு எண்ணவே தெரியவில்லை போடா என்று விரட்டினேன். முட்டை ஆறு தட்டு போன இடத்தில் இப்போது இரண்டு தட்டு போகிறது, அதை அவனிடம் நான் சொல்லவில்லை.

மறுநாள் மிஸ் கொடுத்த லெட்டரைக் காட்டி மூவரும் அந்தப் பத்து நிமிஷக் கடைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே மேனேஜர் ஃபிராங்க்ளின் என்று ஒரு சின்னப் பையன். ஸ்கூல் பிள்ளைகள் மரியாதையாக சார் என்று கூப்பிட்டதில் குளிர்ந்துபோய், உள்ளே அழைத்துக் கம்ப்யூட்டரையே திறந்து காட்டிவிட்டான். ஹெட் ஆபீஸில் எப்படி வேலை செய்கிறார்கள் பாருங்கள், கடை திறப்பதற்கு முன்பே இந்தத் தெருவில் எந்த பில்டிங்கில் என்ன ஓடும் என்று லிஸ்ட் வந்துவிட்டது என்று பெருமையடித்திருக்கிறான்.

லிஸ்டில் இங்கிலீஷ் எழுத்தில் என்ன இருந்தது தெரியுமா? நாய்க்கார மேடம் பி.ஜி. ஒட்டகச்சிவிங்கி பில்டிங். கொய்யா மரத்து வீடு. அந்தக் கொய்யா மரத்தை வெட்டி ஆறு வருஷம் ஆகிறது, தருண். என்னைத் தவிர அந்த வீட்டை அப்படிச் சொல்கிறவன் பெங்களூரிலேயே கிடையாது.

தாரணி வீட்டுக்கு வந்ததும் நேரே மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டாள். ஜுரம் என்று நினைத்து அம்மா கஷாயம் வைத்தாள். இரண்டு நாள் கழித்து சார்ட்டைக் கடையில் விரித்து எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆபத்து என்கிற கட்டத்தில் அவள் எழுதியிருந்ததைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். 'என் அண்ணன்' என்று எழுதியிருந்தாள்.

முதலில் அவளைத்தான் திட்டினேன். ஒழுங்காகப் படிக்கத் துப்பில்லை, அண்ணன் மேல் பழி போடுகிறாயா என்று கத்தினேன். அவள் கத்தவில்லை. லிஸ்டில் இருந்ததைச் சொல்லிவிட்டு, அந்த மேனேஜருக்கு ஒட்டகச்சிவிங்கி எப்படித் தெரியும்ப்பா என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரலில் உனக்கு ப்ரமோஷன் வந்தது. தெருவுக்கே மைசூர்பாக் கொடுத்தேன். ஒட்டகச்சிவிங்கி பில்டிங்கில் நாலு மாடியும் ஏறி இறங்கிக் கொடுத்தேன். எதற்கு வந்த ப்ரமோஷன் என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. முட்டாள், வடிகட்டின முட்டாள் நான்.

அழித்துவிடு என்று தாரணியிடம் சொன்னேன். பார்த்ததைத்தான் எழுத வேண்டும் என்று மிஸ் சொல்லியிருக்கிறார், அழிக்கமாட்டேன் என்றாள். உங்கள் இரண்டு பேர் பிடிவாதமும் உங்கள் அம்மா வீட்டுச் சொத்து. அப்படியானால் பக்கத்துக் கட்டத்தில் நான் சொல்வதை எழுது, அதுவும் பார்த்ததுதான் என்றேன். பலவீனம்: முதலாளி கேட்டவர்களுக்கெல்லாம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். அழுதுகொண்டே எழுதினாள். பிறகு அவளே வெள்ளைத் தாளை வெட்டி 'என் அண்ணன்' மேல் ஒட்டினாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. பெற்றோர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கவிட்டபடி ஒரு தகப்பன். பிள்ளைகள் அந்த லிஸ்டைப் பற்றிச் சொன்னதும், வெளியூர்க் கம்பெனிக்கு இந்தச் சின்னத் தெரு இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரிந்தது என்று கேட்டான். தாரணி என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன் என்றேன். யாரிடம் என்றான். தெரிந்த பையன்தான், கேட்டான், சொல்லிவிட்டேன் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லவினா மிஸ் சிரிக்கவில்லை. வெள்ளைத் தாளை ஒரு தரம் பார்த்துவிட்டு, அடுத்த குழுவைக் கூப்பிட்டுவிட்டார். அந்தம்மாவை நான் கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேன் போலிருக்கிறது.

உன் அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. தெருக் குழாயடியில் இன்னும் உன் ப்ரமோஷனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறாள். கடையை மூடிவிட்டு என்னோடு குர்கானுக்கு வந்து ரெஸ்ட் எடுங்கப்பா என்று தீபாவளிக்குப் போனில் சொன்னாயே, அதையும் பெருமையாகச் சொல்கிறாள். ரெஸ்ட்! கடையைக் காலி பண்ணிவிட்டுக் கடைக்காரனுக்கு நாற்காலி போடுகிறாய். உன் நாற்காலி எனக்கு வேண்டாம். இரண்டு தட்டு முட்டை விற்றாலும் என் ஷட்டரை முழுசாகத் திறந்துதான் விற்பேன்.

தொழில் என்றால் ஒருத்தன் இடத்தில் இன்னொருத்தன் வந்துதான் தீருவான், அது எனக்கும் தெரியும். நீ இல்லாவிட்டால் வேறு எவனாவது கோடு போட்டு எண்ணிக்கொண்டு போயிருப்பான், நாகேஷ் எண்ணவில்லையா? அதற்காக இதை எழுதவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். போன பொங்கலுக்கு நீ எங்களைப் பார்க்க வந்தாயா, லிஸ்ட் எடுக்க வந்தாயா? எங்களைப் பார்க்க வந்த இடத்தில் புத்தி அப்படிப் போயிற்று என்றால் அப்படியே எழுது, திட்டிவிட்டு மறந்துவிடுவேன். லிஸ்டுக்காகத்தான் வந்தேன் என்றால் அதையும் மறைக்காமல் எழுது. போனில் சொல்லாதே, அம்மா பக்கத்தில் இருப்பாள்.

சார்ட்டைத் தாரணி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அரிசி மூட்டைக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறேன். ஃபேன் போட்டால் அந்த வெள்ளைத் தாள் தூக்கிக்கொள்கிறது, அம்மா கண்ணில் படுவதற்குள் இரண்டு தரம் பசை தடவிவிட்டேன்.

இந்தப் பொங்கலுக்கும் வா. வந்தால் கல்லா பக்கம் உட்கார வேண்டாம், உள்ளே அம்மாவோடு உட்கார். தாரணி முகம் கொடுக்கமாட்டாள், நீதான் முதலில் பேச வேண்டும்.

உன் கம்பெனி நன்றாக இருக்கட்டும் என்று எழுதக் கை வரவில்லை. நீ நன்றாக இரு.

உன் அப்பா,
உத்தமன்