அம்மா மறந்த பாஸ்வேர்டு

கிழக்குத் தாம்பரம்,
15.9.2025

என் செல்ல மாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை கேஷவும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மாடியில் ஒழுகின இடத்தைப் பூசியாகிவிட்டது. நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அந்த வரி மட்டும் எழுத வரவில்லை. போனில் பேசும்போதெல்லாம் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உன் பதிலை அவள்தான் முதலில் எடுத்துப் படிப்பாள், அதனால்தான் இத்தனை வருடம் கழித்துத் தபால். இதை ஆபீஸுக்குப் போகிற அவசரத்தில் படிக்காதே, நிதானமாக உட்கார்ந்து படி.

போன மாதம் புதிதாக ஒரு பிரிண்டர் வாங்கினோம். நம் ஹாலில் இருக்கிற கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டவள் அம்மாதான் என்பது உனக்கே தெரியும். அவள் பாடம் நடத்தின பள்ளிக்கூடத்துக்கு அரசாங்கம் அதைக் கொடுத்தபோது பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்து, வீட்டிலும் அதுதான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகப் போட்டாள். சும்மா திறந்து பார்க்க அது ஒன்றும் கேட்காது, புதிதாக எதையாவது சேர்க்கவேண்டும் என்றால் மட்டும் பாஸ்வேர்டு கேட்கும். பிரிண்டரைச் சேர்க்க உட்கார்ந்தாள், கேட்டது, போட்டாள், தவறு என்றது. கை தவறிவிட்டது என்று சிரித்துக்கொண்டே மறுபடியும் போட்டாள். அதுவும் தவறு. மறுநாளும் உட்கார்ந்து, உன் பிறந்தநாள், கேஷவின் பிறந்தநாள், பள்ளிக்கூடத்தின் பெயர், குரோம்பேட்டையில் நாம் குடியிருந்த வீட்டுக் கதவு எண் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். எங்கேயாவது எழுதி வைத்திருப்பாயே என்று கேட்டேன். எழுதி வெக்காதீங்கன்னு பசங்களுக்குச் சொல்லிட்டு நான் எழுதி வெப்பேனா என்று சுள்ளென்று விழுந்தாள்.

பாஸ்வேர்டு போனால் போகட்டும், புதிதாக மாற்றிவிடலாம் என்று அவளுக்குத் தெரியும். எத்தனை பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறாள், நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், ஒரு காபி ஆறுவதற்குள் முடித்துவிடுவாள். மெஷினை அணைத்துப் போட்டு ஷிப்ட் பட்டனை அழுத்திப் பிடித்தால் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும், அதிலிருந்து உள்ளே போக வேண்டும். அம்மா அந்தக் கறுப்புத் திரை வரைக்கும் போனாள். அங்கே இரண்டு கையையும் கீபோர்டு மேல் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. காலையில் ஆரம்பித்தது, நான் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பி வந்தும் அதே கறுப்புத் திரை. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது மாலு. இருபத்தி ரெண்டு வருஷம் கம்ப்யூட்டர் டீச்சரா இருந்து என்ன பிரயோஜனம், விடு, கடைக்காரனைக் கூப்பிடறேன் என்று கத்திவிட்டேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. திரையைப் பார்த்தபடியே, "என்னங்க, இதுக்கப்புறம் என்ன பண்ணணும்னு தெரியலைங்க" என்றாள். முப்பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. நான் கத்தினதை இப்போது நினைத்தாலும் சாப்பாடு இறங்கவில்லை.

பம்மல் ஷீலாவை உனக்கு ஞாபகம் இருக்கும், அம்மாவிடம் படித்தவள், கல்யாணப் பத்திரிகையைக்கூட முதலில் அம்மாவுக்குத்தான் கொண்டுவந்து வைத்தாள். இப்போது படப்பை பக்கம் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறாள். போன் பண்ணினேன், சனிக்கிழமை வந்துவிட்டாள். வாம்மா என்று அம்மா சிரித்த முகமாகத்தான் கூப்பிட்டாள், பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஷீலா உட்கார்ந்து பட்டியலைக் கொண்டுவந்து உள்ளே போய் ஏதோ தட்டினாள், முடியாது என்று ஒரு வரி வந்தது. ஷீலா யோசிப்பதற்குள் அம்மா, "அது இப்ப படிக்கத்தான் விடும், எழுத விடாது. முதல்ல எழுதற மாதிரி மாத்தும்மா, அப்புறம் பாஸ்வேர்டுக்குப் போ" என்றாள். அதே வகுப்பறைக் குரல். "ஐயோ, ஆமா மிஸ், மறந்துட்டேன்" என்று ஷீலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒன்றுமில்லை, என் பெண்டாட்டிக்கு ஒன்றுமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷம் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. "மிஸ், புதுசு நீங்களே போடுங்க" என்று ஷீலா எழுந்து இடம் விட்டாள். நாம் தட்டுவது அந்தத் திரையில் தெரியாது, ஒரு தடவை போட்டு, சரிபார்க்க அதையே இரண்டாம் தடவையும் போட வேண்டும். அம்மா போட்டாள். இரண்டும் ஒன்றாக இல்லை என்று வந்தது. மறுபடியும் போட்டாள், மறுபடியும் அதே. மூன்றாம் தடவை நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஐந்தாறு எழுத்துதான் தட்டினாள், அடுத்ததில் தட்டிக்கொண்டே போனாள். ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் முதலில் போட்டது அவளிடம் இல்லை. ஷீலா என் பக்கம் திரும்பி, "சார், நீங்க போடுங்க" என்றாள், அவள் கண்ணெல்லாம் தண்ணீர். கம்ப்யூட்டர் பக்கமே போகாத நான் ஒற்றை விரலால் இரண்டு தடவையும் தட்டினேன், ஏற்றுக்கொண்டது. அம்மா எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். டம்ளரைக் கையில் கொடுத்துக்கொண்டே, "நல்லா பண்றியேம்மா, யார்கிட்ட கத்துக்கிட்டே?" என்று ஷீலாவைக் கேட்டாள். அந்தப் பெண் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அப்புறம், "எங்க ஸ்கூல்ல ஒரு மிஸ் இருந்தாங்க, அவங்க சொல்லிக் குடுத்தாங்க" என்றாள். "நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றாள் அம்மா.

டாக்டரிடம் போனோம், ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஒரு மணி நேரம் கேள்வியாகக் கேட்டார்கள். மறதி நோய்தான், தொடங்கி இரண்டு வருடமாவது இருக்கும் என்றார் டாக்டர். மாத்திரையால் கொஞ்சம் மெதுவாக்கலாம், திருப்ப முடியாது. அம்மா எல்லாவற்றையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், அன்றைக்குத் தெளிவாக இருந்தாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாலுகிட்ட நீங்க எதுவும் சொல்லாதீங்க, நீங்க சொன்னா அழுதுடுவீங்க, அவ பயந்துடுவா. நானே பக்குவமா சொல்றேன்" என்றாள். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய் அல்லவா. காலையிலிருந்தே இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள், நல்ல புடவையாகப் பார்த்து மாற்றிக்கொண்டாள். நான் பக்கத்தில் இருந்தால் அழுவேன் என்று என்னை அடுப்படிக்கு அனுப்பிவிட்டாள். அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன். பெருங்களத்தூரில் மழை பெய்ததைச் சொன்னாள், கேஷவுக்குப் பல் விழுந்ததைக் கேட்டுச் சிரித்தாள், கறிவேப்பிலைச் செடி துளிர்த்ததைச் சொன்னாள், உடம்பைப் பார்த்துக்கோ என்று சொல்லி வைத்துவிட்டாள். போனைக் கீழே வைத்துவிட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். முகத்தில் ஒரு சந்தேகம். "என்னங்க, அவகிட்ட சொல்லிட்டேனா?" என்று கேட்டாள்.

சொல்லிட்டே என்றேன்.

அழுதாளா என்று கேட்டாள். இல்லை, தைரியமாகக் கேட்டுக்கொண்டாள் என்றேன். "என் பொண்ணாச்சே" என்று சொல்லிவிட்டு, பாரம் இறங்கின மாதிரி போய்ப் படுத்துத் தூங்கினாள். அத்தனை நிம்மதியாக அவள் தூங்கிப் பல நாள் ஆகிறது.

ஆகையால் கண்ணு, நீ அழுவதை எல்லாம் இந்தக் கடிதத்தோடு அழுதுவிடு. அடுத்த முறை பேசும்போது அம்மாவே உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்பது போலவே பேசு, எனக்காக. லீவு கிடைத்தால் பொங்கல் வரை காத்திருக்காமல் வா. அங்கே குளிர் தொடங்குவதற்கு முன்னால் கேஷவுக்கு நல்ல ஷூ வாங்கிக் கொடு. மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்கள் மூவரும் நூறு வயது நிறைந்து வாழ இருவரின் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு.

உன் அப்பா,
வைத்தீஸ்வரன்